முதல் அசையில் ஓர் அடி

மனிதர்களில் அழுத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது அவர் காதில் ஏறாது. இங்கிலீஷ் வார்த்தையை எந்த அசையில் அழுத்தினீர்கள் என்பது மட்டும் கணீரென்று ஏறும்.

நம் ஆள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பர்வைசர். இரண்டு சொல் ஒட்டி ஒரு சொல்லானதைக் கேட்டால் போதும், கை பரபரக்கும். முதல் அசைக்கு மேஜையில் ஓங்கி ஒரு தட்டு, அது அழுத்தம். பூப்போல ஒரு தட்டு, அது மிச்சம். 'சூப்பர்மார்க்கெட்' போகணும் என்று வாய்விட்ட பியூன், நாலு அசையையும் தட்டிக் காட்டி விடுதலையாவதற்குள் கடையையே சாத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மச்சானைப் பார்க்கப் போனவர், 'ஹார்ட் அட்டாக்'கில் அடி முதலில் விழ வேண்டும் என்று கட்டில் கம்பியில் தட்டினார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் பதறி ஓடிவந்தாள்.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? ஒரு சாயங்காலம் மகள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அப்பா, ஏர்போர்ட்ல வேலை கெடச்சிருக்கு. ரொம்ப தூரம். அங்கயே தங்கணும். உங்கள விட்டுட்டுப் போகட்டுமா?"

"போர்ட்டுல ஏம்மா அழுத்தற? ஏர்ல அடி. போர்ட் தானா எறங்கிடும்."

"அப்பா, நான் கேட்டது..."

"சொல்லு, சொல்லு."

'ஏர்' மேல் அழுத்தி, கேட்டதை முழுசாகத் திரும்பச் சொன்னாள்.

"பிரமாதம்!" என்றார், முகமெல்லாம் மலர்ந்து.

மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், "அப்பா பிரமாதம்னுட்டார்" என்றாள்.

அடுத்த வாரம் வாசலில் பெட்டிகள். தெருவில் டாக்ஸி.

"யாரு எங்க போறா?"

"நல்லா இருக்கே! உங்ககிட்ட கேட்டுத்தானே முடிவு பண்ணினா?" என்றாள் மனைவி.

மனிதர் தெருவுக்கு ஓடினார். பெற்ற பெண் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். போகாதே என்று சொல்லக் கிடைத்த ஒரே நேரத்தில் அவர் தாளம் போட்டிருக்கிறார். டாக்ஸி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா வருவே?" என்றார்.

"லாங் வீக்கெண்ட் ஏதாவது வந்தா வரேம்ப்பா."

'வீக்கெண்ட்'டைத் திருத்த உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். "சீக்கிரம் வாம்மா" என்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பாவம் என்று உச்சுக்கொட்டுகிறீர்களா? நமக்கு அந்த வியாதி இல்லை என்று நிம்மதியா? இருக்கட்டும். உங்களிடம் ஏதோ சொல்ல வந்தவர்கள், பாதியில் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று திரும்பிப் போனதில்லையா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை, இப்போதெல்லாம் உங்களிடம் பேச யாரும் வருவதில்லையே.