குளவிக்கு லப்பம் வைத்த கதை

வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஆண்பிள்ளைக்கு உடனே ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அவனே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வான். என் தங்கை தேவியைப் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் நான் கண்டுபிடித்த வேலை, வாசல் நிலைக்குப் பெயின்ட் அடிப்பது.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் வீடு. நிலை பழைய மாமரத்தில் செய்தது. பென்சில் நுழைகிற அளவுக்கு அதில் ஏகப்பட்ட ஓட்டைகள். எப்போதோ வண்டு குடைந்தது. வண்டு காலி செய்துவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. காலி ஓட்டைதானே என்று லப்பம் வாங்கிவந்து ஒன்று விடாமல் அடைத்து, தேய்த்து, மேலே பச்சைப் பெயின்டும் அடித்தேன். (வண்டு விட்டுப்போன இடத்தில் ஒல்லிக் குளவிகள் குடிவந்து, புழு பிடித்து வைத்து, மண்ணால் வாசலைப் பூசிக் குடித்தனம் நடத்துவது எனக்குத் தெரியாது. அவையும் என்னிடம் சொல்லவில்லை.)

மறுநாள் காலை வந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவிலேயே தேவிக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அதற்கு முன் சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவாவது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள்.

எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தபோதுதான் வீடிழந்த குளவிகள் உள்ளே வந்தன. ஒன்று தரகரின் பேனா மூடியைச் சோதித்தது. ஒன்று மாப்பிள்ளையின் காதைச் சுற்றிப் பார்த்தது. நல்ல மனுஷன், அசையாமல் இருந்தார். இன்னொன்று ப்ளக் பாயின்ட் ஓட்டைக்குள் நுழைந்து பார்த்துத் திருப்தியாகி, வெளியே போய், மண் உருண்டையோடு திரும்பி வந்து பூச ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் அத்தை அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அட, குளவி கூடு கட்டுதே! வூட்டுல யாரு முழுவாம கீது?"

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் சந்தோஷமாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் வீட்டில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி ஐம்பது தாண்டிய அம்மா. இன்னொருத்தி காபித் தட்டோடு நின்ற தேவி. கேட்ட பிறகுதான் அத்தைக்கும் அது உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பு மெல்ல இறங்கியது. பார்வை தேவியின் மேல் நின்றது.

"நேத்து நான் ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேங்க. அதான் வேற எடம் தேடுது" என்றேன்.

"எதுக்குப்பா அடைச்சே?"

"நீங்க வர்றீங்கன்னுதாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அது ஏன் இன்னும் மோசமாகப் போனது என்று எனக்குப் புரியவில்லை. தேவியின் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"என் பொண்டாட்டிதாங்க."

எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. என் ஜாதகம் அந்த நிமிஷம் அதே தரகரின் பையில் இருந்தது. அவர் காபியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னையே பார்த்தார்.

"அப்படிச் சொல்லு!" அத்தைக்கு உயிர் வந்தது. "எங்க அந்தப் பொண்ணு?"

"அம்மா வூட்டுக்குப் போயிக்கீதுங்க. புள்ளலூரு."

(ஏன் புள்ளலூர்? தெரியாது. அந்த ஊரில் எனக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது.)

அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "புளிப்பாவே கேட்டுக்கினு இருந்துச்சு. அதான் அனுப்பி வச்சோம்" என்று சேர்த்தாள். நைனாதான் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் பக்கம் சாய்ந்து, "எப்படா கட்டின?" என்றார்.

"அப்புறம் சொல்றேன் நைனா."

அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

பூ வைத்துவிட்டு அவர்கள் கிளம்பியதும் வண்டு, காலி ஓட்டை, குளவி, லப்பம் என்று நைனாவிடம் வரிசையாக விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குளவி மேல பழியப் போடாத. முழுவாம கீற பொண்ண இன்னாத்துக்கு அங்க வுட்ட? போயி இட்டாந்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு புள்ளலூர் போக பஸ் ஸ்டாப்பில் நின்ற நைனாவை அம்மாதான் போய்த் திருப்பி அழைத்துவந்தாள். நான் திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்த வாழைப்பழத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பே தேவி மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தையிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. புள்ளலூர்க்காரி கோபித்துக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அதோடு விட்டிருக்கலாம். சில வருஷம் கழித்து என் கல்யாணத்தில், மேடையில் ஏறி, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்:

"ரெண்டாந்தாரம்னு மனசுல வச்சிக்காதம்மா. புள்ள தங்கமான புள்ள."

மாலையும் கழுத்துமாக, மாமனார் முன்னால் நின்று, வண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்றைக்கும் என் பைக்கின் சாவித் துவாரத்தில் குளவி மண் பூசினால் போதும். என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "இன்னாங்க, புள்ளலூர் அக்கா வந்துக்கீறாங்க பாருங்க!"

வீடே சிரிக்கும். நைனா மட்டும் சிரிக்காமல் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்ப்பார்.