பேராவூரணியில் நடந்த புகைப் பரிசோதனை

சம்பளம் வாங்காமல் ஒரு கார் கம்பெனிக்கு நான்கு வருடம் விற்பனைப் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். யாரும் என்னை அந்த வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர்களுடைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன், அவ்வளவுதான். மறுநாளே நானாக வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்த அப்பாவும் அம்மாவும் அந்தக் காரில் முதல்முறை ஏறியபோது செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினார்கள். அப்படிப்பட்ட காரை யாராவது "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. வெளிநாட்டு இன்ஜின், அதன் நுணுக்கம், அதன் புகையின் தூய்மை என்று கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடும்வரை பேசுவேன். இந்தப் புகையைப் பாட்டிலில் பிடித்தால் ஊட்டிக் காற்று என்று விற்கலாம் என்றுகூட ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறேன். (வேதியியல் எம்.எஸ்சி. படித்தவள் பேசுகிற பேச்சு.)

என் பேச்சில் விழுந்தவர்களில் முக்கியமானவள் கலா. என் கணவர் ரவியின் தங்கை. பேராவூரணியில் தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. அவள் மகள் யாழினிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பனிக்காலம் வந்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறும். கார் வாங்கலாம் என்றபோது கலா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், புகை எப்படி என்று. நான் ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னேன். அடுத்த மாதம் அதே கம்பெனி, அதே டீசல், சிவப்பு நிறத்தில் அவள் வாசலில் நின்றது.

அப்புறம்தான் செய்தி வந்தது. அந்தக் கம்பெனி தன் டீசல் கார்களுக்குள் ஒரு சாஃப்ட்வேரை ஒளித்து வைத்திருந்ததாம். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் கார் சமர்த்தாகப் புகையைக் குறைத்துக்கொள்ளுமாம். ரோட்டில் இறங்கியதும் பழைய குணத்துக்குப் போய்விடுமாம்.

அன்று மாலையே கலா போன் செய்தாள். "அண்ணி, பேப்பர்ல போட்டிருக்கே, அது நம்ம வண்டியா?"

"சேச்சே, அது வெளிநாட்டுல விக்கிறது. நம்மளோடது வேற இன்ஜின்" என்றேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. ஆனால் வகுப்பில் சமன்பாடு எழுதுகிற அதே உறுதியான குரலில் சொன்னேன்.

சில மாதங்களில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. வாடிக்கையாளர் நலன் கருதி ஒரு சிறு சாஃப்ட்வேர் மாற்றம் செய்து தருகிறார்களாம், காரைக் கொண்டுவர வேண்டுமாம். ஏன், எதற்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடிதத்தை மடித்து, பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்குள் செருகினேன். எங்கள் வீட்டில் யாரும் தொடாத இடம் அது.

கோபத்தைவிட எனக்கு ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. சோதனை நடக்கிறது என்று ஒரு காருக்கு எப்படித் தெரியும்? கார் நிறுத்தியிருக்கும்போது அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ்கரிடம் கேட்டேன். சோதனைக்கூடத்தில் உருளை மேல் சக்கரம் சுற்றும், ஆனால் ஸ்டியரிங் திரும்பாது. இதை வைத்தே வண்டி கண்டுபிடித்துவிடுமாம் என்று அவர் எங்கோ கேட்டதைச் சொன்னார். எனக்குச் சட்டென்று புரிந்தது. பள்ளிக்கு ஆய்வாளர் வருகிற நாளில் நானும் அதே மூன்று மாணவிகளை எழுப்பி, முதல்நாள் சொல்லிக்கொடுத்த அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்பேன். அந்தக் காரை என்னால் முழுசாக வெறுக்க முடியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

அப்படியென்றால் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் ஓட்டினால் அது சோதனை என்று நினைத்துக்கொள்ளும் இல்லையா? பாஸ்கர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "டீச்சர், கேட்டீங்க, சொன்னேன். செஞ்சு கிஞ்சு பாத்துராதீங்க" என்றார்.

கலாவின் சின்ன மகனுக்குக் காதுகுத்து வைத்த நாளைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். என் திட்டம் எளிமையானது. சைலன்சரில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டி ஜாக்கியில் ஓட்ட வேண்டும். இன்னொரு துண்டைக் கட்டி நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தால் நம் வண்டி நல்ல வண்டி. கலாவிடம் சொன்னது பொய்யாகாது.

வீட்டு முன்வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பக்கவாட்டில் சாப்பாட்டுப் பந்தல். வரிசையாக இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. காது குத்தி முடித்ததும் பந்தி. பந்தலுக்குப் பின்னால் தோப்பின் ஓரத்தில் என் கார். கொடியிலிருந்து பளிச்சென்ற வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். (தாய்மாமன் தோளில் போடுவதற்காக ரவி வைத்திருந்த புதுத் துண்டு. அது அப்புறம்தான் தெரிந்தது.) சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஜாக்கி போட்டேன். கலாவையும் யாழினியையும் கூப்பிட்டு அடுப்படி வாசலில் நிற்கச் சொன்னேன். விசேஷ வீட்டு அவசரத்திலும் கலா வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

இன்ஜினைப் போட்டேன். முதல் கியர், இரண்டு, மூன்று. தூக்கி நின்ற சக்கரம் சுழன்றது. ஸ்டியரிங்கைச் சிலைபோலப் பிடித்துக்கொண்டேன். முள் நாற்பதைத் தாண்டியது. உட்கார்ந்த இடத்திலேயே நாற்பதில் போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேராவூரணி மண் மணல் கலந்த மண் என்பதும், ஜாக்கிக்கு அடியில் பலகை வைக்க வேண்டும் என்பதும் அந்த நேரத்தில் என் ஞாபகத்தில் இல்லை.

ஜாக்கி மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டது. கார் அம்பு மாதிரி கிளம்பியது. பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது பிரேக் இல்லை.

பந்தலின் மூலைக்கால் முதலில் போனது. அதைத் தொடர்ந்து பந்தலின் பாதி, விரித்த குடையை மடக்கின மாதிரி இலைகள்மேல் உட்கார்ந்தது. கார் அதற்கும் அப்பால் போய் ஒரு தென்னைமரத்தில் முட்டி நின்றது. ஏர்பேக் பட்டென்று வெடித்து என் முகத்தில் அறைந்தது. இரண்டு தேங்காய் பானெட்டில் விழுந்தன. நல்லவேளை, பந்தலில் ஓர் ஆள்கூட இல்லை.

நான் கதவைத் திறந்து இறங்கியபோது முகமெல்லாம் ஏர்பேக்கின் வெள்ளைப் பவுடர். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டார். காது குத்த வேண்டிய குழந்தை என்னைப் பார்த்து, குத்துவதற்கு முன்பே அழ ஆரம்பித்தது. ரவி மட்டும் நேராகச் சைலன்சரிடம் போய்த் தன் துண்டை அவிழ்த்துப் பார்த்தார்.

துண்டு வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த நிலைமையிலும் நான் அதை வாங்கிக் கலாவுக்கு முன்னால் விரித்துக் காட்டினேன்.

யாழினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தை, அந்தக் கம்பெனி மறைச்சது நைட்ரஜன் ஆக்சைடுதானே? அது துணில ஒட்டாதே. போன லீவுல நீங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

பன்னிரண்டு வருடம் வேதியியல் நடத்தியவள் நான். நான் தேடியது கரியை. கம்பெனி மறைத்தது கண்ணுக்குத் தெரியாத வாயுவை. ரோட்டில் ஓட்டியிருந்தாலும் அந்தத் துண்டு எனக்கு எதையும் சொல்லியிருக்காது.

பவுடரும் வியர்வையுமாக அடுப்படிப் படியில் உட்கார்ந்தேன். கலா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கடிதம் வந்ததையும், அதை மறைத்ததையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உன் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிற விஷயத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றேன்.

"எனக்கும்தான் லெட்டர் வந்துச்சு அண்ணி" என்றாள் கலா. "உங்களுக்கு வந்தா எனக்கு வராதா? நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சோதனை நடப்பது என் காருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

"கம்பெனிக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. உங்களை நம்பித்தான் வாங்கினேன். தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்கு அண்ணி பந்தலைச் சாய்ச்சீங்க?" என்றவள் அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அழுதேனா என்று கேட்டால், பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

காது குத்தி முடிந்தது. தாய்மாமன் தோளில் துண்டு இல்லாமலேயே மருமகனை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துப் பந்தி நடந்தது.

என் கார் பட்டறையிலிருந்து திரும்பியதும், இரண்டு கார்களையும் ஒரே நாளில் திருச்சிக்குக் கொண்டுபோனோம். சர்வீஸ் சென்டர் பையன் ஒரு வயரைச் செருகினான், எடுத்தான், சரிபண்ணியாச்சு மேடம் என்றான். எதைச் சரிபண்ணினாய் என்று கேட்டேன். சாஃப்ட்வேரை என்றான். முன்னால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். அதுவும் சாஃப்ட்வேர்தான் மேடம் என்றான். அவன் சொன்னதை நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை. கலா வீடு திரும்பும்வரை ஒரு தடவைகூடப் புகையைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன், "எனக்குத் தெரியல கலா." அவள் சரி என்று தலையாட்டினாள். அடுத்த வருடம் டீசலை விற்றுவிட்டுப் பெட்ரோல் கார் வாங்கினாள். எந்தக் கார் என்று என்னிடம் கேட்டாள், நான் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தேன். என் வாழ்நாள் சாதனை அது.

பந்தல் போட்டவர் பெயர் முருகையன். அன்று சாய்ந்ததை ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து எடுத்துப்போனவர். இப்போதும் கலா வீட்டு விசேஷங்களுக்கு அவர்தான் பந்தல். அளவெடுக்க வந்தால் நீளம் அகலம் எதுவும் கேட்பதற்கு முன்னால், "டீச்சரம்மா பஸ்ல வர்றாங்களா, கார்லயா?" என்று கேட்பாராம். கார் என்றால் மூலைக்கு ஒரு மூங்கில் கூடுதல். போன தை மாதம் காரில் வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். பந்தலுக்குள் நுழைந்த என்னைப் பார்த்ததும் முருகையன் முகம் வாடிவிட்டது.

"பஸ்ஸுன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நாலு மூங்கில் தெண்டமா நட்டுட்டேன்" என்றார்.