பல் பிடித்துப் பார்த்து வாங்கிய போன்

செல்போனுக்குப் பல் பிடித்துப் பார்த்த மனிதர் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவருக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் இந்த மாவட்டத்திலேயே எனக்குத்தான் வாய்த்தது.

ஊருக்கே அவர் ‘தரகர்’. சொந்தப் பேர் ரேஷன் கார்டில் இருந்தால் உண்டு. கல்வராயன் மலையில் மாடு பார்த்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜோடி சேர்த்துவிடுவது அவர் தொழில். மலையிலிருந்து மாடு நடக்கிற வீடியோ வரும். இவர் அதை வண்டிக்காரருக்கு அனுப்புவார். பிடித்திருந்தால் மாடு இறங்கும்.

எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். படித்தது பி.காம். ஆனால் தெருவில் எந்த மெஷின் நின்றாலும் கூப்பிடுவது என்னை. “படிச்சவன்தானப்பா, ஒரு அமுக்கு அமுக்கிப் பாரு” என்பார்கள். அமுக்கி அமுக்கியே என் ஞாயிற்றுக்கிழமைகள் தேய்ந்தன. அதில் முக்கால்வாசியைத் தேய்த்தது தரகரின் போன்.

அதை அவர் போனாகவே நினைக்கவில்லை என்பதுதான் சிக்கல். உச்சி வெயிலில் ஆஃப் பண்ணி வேப்பமர நிழலில் வைத்துவிடுவார். “வெயில்ல ஏர் பூட்டலாமா தம்பி? அதுவும் ஒரு ஜீவன்தானே.” ஜீவன் இளைப்பாறும் நேரத்தில் அவரைத் தேடுகிறவர்கள் என் நம்பருக்கு அடிப்பார்கள். அந்த நம்பரை மலை முழுக்கக் கொடுத்து வைத்திருந்தார். வக்கீல் ஐயா வாதத்தைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்துக்கொண்டிருப்பேன். போனில் ஒருவர், “செவலைக்குக் கழிச்சல் நின்னுடுச்சுன்னு தரகருகிட்ட சொல்லுங்க” என்பார். ஒரு நாள் அந்தச் செவலை மனுவுக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஐயா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பெயிண்ட் அடித்தவர் மீதியைப் போனின் நாலு மூலையிலும் அடித்தார். ஸ்பீக்கர் ஓட்டை அடைத்துக்கொண்டது. ஊசி வைத்து நோண்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்டேட் வந்தால் அது அவருக்குத் தீனி. “புதுத் தீனிய ஒரேயடியா வச்சா வயித்தால போவும். பாதி போட்டு நிறுத்து” என்பார். நான் மாட்டேன் என்றால், என் தலை மறைந்ததும் அவரே நிறுத்திவிடுவார். அப்புறம் போன் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும். அடுத்த ஞாயிறும் காலி.

ஒரு கட்டத்தில் அந்தத் தீனியும் நின்றது. பிறகு ஒரு நாள் திரையில் ஏதோ வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா தம்பி எழுதிக்கிது?”

“வீடியோ அனுப்பறீங்களே, அந்த ஆப் இந்த மாசத்தோட இந்தப் போன்ல ஓடாதாம் மாமா.”

“ஏன், போனுக்கு இன்னா?”

“ஒண்ணுமில்ல. பழசாயிடுச்சு.”

கேமராவைத் தொட்டுக் காட்டினார். “கண்ணு தெரியுதா?”

“தெரியுது.”

“காது கேக்குதா?”

“கேக்குது மாமா.”

“அப்ப கெழடுன்னு எவன் சொன்னது?”

“கம்பெனிக்காரன் அப்டேட்ட நிறுத்திட்டான். அவன் நிறுத்துனா ஆப்காரனும் ஒதுங்கிக்குவான்.”

“மாடு என்னுது. வைக்கல் வாங்கிப் போடறதும் நானு. அதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சுன்னு எங்கியோ குந்திக்கினு ஒருத்தன் சொல்லுவானா?”

“அப்டேட் இல்லாத போன் தாப்பா இல்லாத வூடு மாதிரி மாமா. எவன் வேணா உள்ள வருவான்.”

“நம்ம வூட்டுக்கு எப்ப தாப்பா இருந்துச்சி?” என்றார். எட்டிப் பார்த்தேன். இல்லைதான்.

சொன்னபடி மாசம் பிறந்ததும் ஆப் நின்றது. அன்று காலை என் நம்பருக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு அக்கா கூப்பிட்டது. வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுத்திருந்ததால், கன்றிலிருந்து வளர்த்த ஜோடியை விற்றாக வேண்டிய நிலைமை. ஏரோ வண்டியோ பூட்டுகிறவருக்குத்தான் கொடுப்பேன், கறிக்குக் கொடுக்க மாட்டேன் என்று அக்கா சொல்ல, தரகர் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டிக்காரரும் தயார், மாடு நடக்கிறதைப் பார்த்தால் போதும் என்றிருந்தார்.

“வீடியோ போவ மாட்டேங்குதுங்க. கொழுந்தனாரு அடிமாட்டு லாரிக்குச் சொல்லிட்டாரு. சாயந்திரம் வருதாம். அண்ணன்கிட்ட சொல்லுங்க.” அக்காவின் குரல் உடைந்திருந்தது.

எதிர்வீட்டுக்கு ஓடி விஷயத்தைச் சொல்லி, “என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்க மாமா” என்றேன்.

“அடுத்தவன் தொழுவத்துல என் மாட்டக் கட்டவா?” என்றபடி துண்டைத் தோளில் போட்டார். “வா, கடைக்கு.”

வக்கீல் ஐயாவிடம் வயிற்றுவலி என்று சொன்னேன். பாதி நிஜம்.

கடைப் பையன் ஒரு போனை எடுத்து வைத்தான். தரகர் அதைத் திருப்பினார். முதுகில் மூன்று கேமரா. “மூணு சுழி. குடும்பத்துக்கு ஆவாது. மாத்து.” அடுத்ததில் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். “எத்தினி பல்லு?”

பையன் என்னைப் பார்த்தான். “எந்த வருஷத்து மாடல்னு கேக்கறாரு” என்றேன்.

“தீனி எத்தினி வருசம் வரும்?”

“அப்டேட்டக் கேக்கறாரு.”

“நாலு வருஷம் சார்” என்றான் பையன் பெருமையாக.

“எந்த நாள்லேர்ந்து நாலு? கன்னு போட்ட நாளா, நான் கவுறு புடிக்கிற நாளா?”

பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். குரல் இறங்கியது. “மாடல் வந்த நாள்லேர்ந்துங்க. வந்து கொஞ்ச நாளாச்சு.”

“அப்ப நீங்க தின்னது போவ மிச்சத்த எனக்கு விக்கிறீங்க.”

கவர் வாங்க வந்தவர்கள், கண்ணாடி ஒட்ட வந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எனக்குத் தரையில் ஓட்டை இருந்தால் போய்விடலாம் போலிருந்தது.

மாட்டுச் சந்தையில் பேரத்தை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. தரகர் பையனின் கையைத் துண்டால் மூடினார். முதலில் அஞ்சு விரலைப் பிடித்தார், அப்புறம் மூணு. பயந்துபோன பையன், “சரிங்க, சரிங்க” என்று கையை உருவிக்கொண்டான்.

“எட்டு வருசம். வாக்குக் குடுத்துட்டான், பாத்துக்கினியா?” என்றார் என்னிடம். விலையைப் பற்றிப் பேசவேயில்லை.

பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டான் பையன். தரகர் முகம் மாறியது. “கறிக்குக் குடுக்கற பழக்கம் நம்மகிட்ட இல்ல தம்பி” என்று அதை மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டு ஆப்பை ஏற்றினேன். அக்காவின் வீடியோ இறங்க ஆரம்பித்தது. பாதியில் பேட்டரி சிவப்பாகிவிட்டது. டப்பாவில் சார்ஜர் ஒயரைத் தேடினேன்.

“ஒயர் எங்க மாமா?”

“கடையிலியே குடுத்துட்டேன்.”

“ஏன்?”

“மாட்ட வித்தவன் கவுத்தத் தர மாட்டான் தம்பி. தந்தா அவன் தொழுவத்து லச்சுமி போயிடும். அந்தப் பையன் வெவரம் தெரியாம டப்பாவுல வச்சிட்டான், பாவம்.”

அவர் பழைய ஒயரும் என் ஒயரும் புதுப் போனின் வாயில் நுழையவில்லை. நான் சைக்கிளை மிதித்த மிதிக்கு எனக்கே மூக்கணாங்கயிறு போட்டிருக்கலாம். டிபன் பாக்ஸைத் திறந்திருந்த கடைப் பையன், நான் கேட்பதற்கு முன்பே ஒயரை எடுத்து நீட்டினான்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். தரகர் போனை ஆஃப் பண்ணி வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்.

அதுவரை அவரிடம் குரலை உயர்த்தியவனில்லை நான். “மாமா, அங்க லாரி வந்துக்கினு இருக்குது.”

அவர் மரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு தானே குனிந்து எடுத்து, துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

“இன்னிக்கு ஒரு நாளு வெயில்ல பூட்டிக்கலாம். கோச்சிக்காது.”

ஒயரைச் செருகியதும் வீடியோ முழுசாக இறங்கி, வண்டிக்காரருக்குப் போனது. அவர் பார்த்தார், வாடகை வேன் பிடித்து அப்போதே மலையேறினார். அடிமாட்டு லாரி வெறுமனே இறங்கியதை அக்கா கூப்பிட்டுச் சொன்னது, என் நம்பருக்குத்தான்.

பழைய போன் இப்போது அவர் தொழுவத்தில் ஆணியில் தொங்குகிறது. பால் கறக்கிற நேரத்துக்கு அலாரம் அடிக்கிறது. கடைப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, “வாக்கு ஞாபகம் இருக்குதா தம்பி?” என்று விரலைக் காட்டுவார். பையனும் சலிக்காமல் தலையாட்டுவான்.

நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் அக்கா வளர்த்த அந்த ஜோடி கொம்பில் பெயிண்ட்டோடு நடக்கிற வீடியோ தரகரிடமிருந்து வரும். போன வாரம் என் போனிலும் அதே அறிவிப்பு வந்தது. மாசக் கடைசியோடு ஆப் ஓடாதாம். ஆபீசில் எல்லாரும், மாத்து என்கிறார்கள். மாற்றாவிட்டால் பொங்கல் வீடியோ வராது. மாற்றுவதென்றால், பல் பிடித்துப் பார்க்க எனக்குத் தெரியாது.

தரகருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மணியைப் பார்த்தேன், உச்சி வெயில். என் போனையும் ஆஃப் பண்ணி ஜன்னலோரம் நிழலில் வைத்துவிட்டு, வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.