பி சைடில் லாத்தா

மேடையில் கேசட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கும் பாடகர்களை யாராவது திட்டினால், நான் மெல்ல எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது. (திறந்ததால்தான் வினையே.)

அப்போது எனக்குத் தோள்வரை முடி இருந்தது. முடிக்குக் கீழே மூளை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. இராமநாதபுரம் பக்கத்துக் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு பாடும் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். சவூதியில் வேலை பார்த்த மச்சான், அதாவது என் லாத்தாவின் (எங்களில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவோம்) மாப்பிள்ளை, விடுமுறைக்கு வந்தபோது ஓர் இங்கிலீஷ் ராக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு நான் கெட்டேன். இனி சினிமாப் பாட்டே கிடையாது, இந்தக் கேசட்டை ஏ சைடு முதல் பாட்டிலிருந்து பி சைடு கடைசிப் பாட்டு வரை ஒன்று விடாமல் பாடப்போகிறோம் என்று குழுவுக்கு உத்தரவு போட்டேன். வரிகளைத் தமிழில் எழுதி உருப்போட்டேன். அர்த்தம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அந்தக் காண்ட்ராக்டர் எந்த நேரத்தில் தலையாட்டினாரோ, வாரம் முழுக்கச் சாயங்காலம் எங்கள் கச்சேரிதான் என்று ஆகிவிட்டது. ஜெயன்ட் வீலுக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் மேடை.

வாப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மச்சான் மூலமாக எனக்கு விசா வாங்கி, சவூதியில் ஒரு கடையில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் உம்மாவிடம் அழுது, உம்மா வாப்பாவிடம் அழுது, கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது.

"மூணாம் நாளு நானே வாரேன். சனம் உக்காந்து கேட்டா நீ பாடிக்க. எந்திரிச்சுப் போச்சுன்னா நீ பிளேன் ஏறு."

முதல் நாள் சனம் அப்பளத்தோடு வந்து நின்றது. அப்பளம் தீர்ந்ததும் போய்விட்டது. இரண்டாம் நாளும் அதே கதைதான். டிரம்ஸ் வாசித்த பாண்டி கெஞ்சினான்: "மாப்ள, நடுவுல ஒரே ஒரு சினிமாப் பாட்டு போட்டுக்கிருவோமா?"

"ஆல்பம்னா முழுசாப் பாடணும்லே" என்றேன், வெள்ளைக்காரனே நேரில் வந்து சத்தியம் வாங்கிக்கொண்டு போனதுபோல.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. மிளகுப்பால், சுக்கு, பனங்கற்கண்டு எல்லாம் உள்ளே போயின. குரல் வெளியே வரவில்லை. சாயங்காலம் பாண்டியின் காதில் என் திட்டத்தை ஊதினேன். கேசட்டை ஸ்பீக்கரில் விடுவோம், நாம் சும்மா ஆடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டுக்கு ஓடி, ரேடியோ மேல் கிடந்த கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கேசட்டின் மேல்விளிம்பு ஓட்டையில் யாரோ காகிதத்தைத் திணித்திருந்தார்கள். அந்த ஓட்டையை அடைத்தால் பழைய கேசட்டிலும் புதிதாகப் பதிவு செய்யலாம் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அன்றைக்கு உறைக்கவில்லை.

முன்வரிசையில் வாப்பா. கொஞ்சம் தள்ளிப் பெண்கள் பக்கத்தில் உம்மா, லாத்தா, லாத்தாவின் மாமியார். இந்த மாமி எங்கள் தெருவிலேயே இருந்தார். லாத்தா எங்கள் வீட்டில்தான் இருந்தாள் என்பதால், மருமகளுக்கு என்று தினமும் ஒரு சட்டி மீன் ஆணம் கொடுத்துவிடுவார். (ஆணம் என்றால் குழம்பு. மாமி வைத்ததை அப்படிச் சொல்லலாமா என்பது வேறு விஷயம்.)

ஏ சைடு பிரமாதமாகப் போனது. சனம் நின்றது. வாப்பாகூடத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பி சைடில் ஓர் உருக்கமான பாட்டு வரும். கண்ணை மூடி, ஒரு கையை வானத்துக்குத் தூக்கி, மைக்கை உதட்டோடு ஒட்டினேன். ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னங்க, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

லாத்தாவின் குரல். மச்சானுக்குப் பேசி அனுப்பும் கேசட் கடுதாசி. மறுநாள் சவூதி போகிற ஒருவரிடம் கொடுத்துவிட, மத்தியானம் பதிந்து வைத்திருக்கிறாள். என் வாயோ பழகிய வேகத்தில் அசைந்துகொண்டே இருந்தது. 'சாப்பிட்டீகளா'வுக்கு அச்சாகப் பொருந்தியது என்று பாண்டி இன்றும் சாதிக்கிறான்.

"இங்கன எல்லாரும் சுகம். தம்பிக்குத்தான் கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சு. பேச்சே வரல. அல்ஹம்துலில்லாஹ், வீடு அமைதியா இருக்கு."

"ஏலே, இன்னைக்குத்தாம்லே புரியுற மாதிரி பாடுறான்" என்றது ஒரு குரல். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் மைக்செட்காரரிடம் ஓடி, நிறுத்தச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினேன்.

"இருப்பா, அடுத்து மாமியா சமாச்சாரந்தான் வரும்" என்று அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

வந்தது. "உங்க உம்மா இன்னைக்கும் ஆணம் குடுத்துவிட்டாக. உப்பும் இல்ல, புளியும் இல்ல. பூனைக்கு வச்சேன். அது மோந்து பாத்துட்டு என்னையப் பாத்துச்சு. தம்பி விசாவ வெரசா அனுப்புங்க. நாந்தான் சொன்னேன்னு வாப்பாட்ட சொல்லிராதீக."

மாமி லாத்தாவைத் திரும்பிப் பார்த்தார். லாத்தா தரையைப் பார்த்தாள். பொருட்காட்சியே கைதட்டியது.

கீழே இறங்கி, மிச்சமிருந்த காற்றைத் திரட்டி வாப்பாவிடம் கேட்டேன்: "சனம் உக்காந்துதான வாப்பா கேட்டுச்சு?"

"கேட்டுச்சு. ஒன்னையவா கேட்டுச்சு?" என்றார் வாப்பா. "பாஸ்போர்ட்ட எடுத்து வை."

காண்ட்ராக்டர் மட்டும் பின்னாலேயே வந்தார். "தம்பி, நாளைக்கும் அந்தத் தங்கச்சிய வரச்சொல்ல முடியுமா?"

மறுநாளிலிருந்து மாமி வீட்டு ஆணம் நின்றது. லாத்தா கொஞ்ச நாள் அழுதாள், ஆனால் நன்றாகச் சாப்பிட்டாள். நான் சவூதி போய் முடியை வெட்டிக்கொண்டு அத்தர் விற்றேன்.

போன பெருநாளுக்கு என் மகன் அதே ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக்காட்டினான். பி சைடின் அந்த உருக்கமான பாட்டு வந்தது. நான் காத்திருந்தேன். வெள்ளைக்காரன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனான்.

"நிறுத்துலே. இங்கன லாத்தா வரணும்."

"இதுதான் வாப்பா ஒரிஜினல். முழு ஆல்பமும் இருக்கு."

அடுப்படியிலிருந்து லாத்தா எட்டிப் பார்த்தாள். அவளும் இப்போது மாமியார். கையில் மருமகளுக்குக் கொடுத்துவிட ஒரு சட்டி ஆணம்.

"உப்பு பாத்தியா?" என்றேன். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். பாட்டு முடியும்வரை நான் மொட்டைமாடியில் இருந்தேன்.