மாமனார் சுவரில் பச்சைப் புள்ளி

ஜவ்வாது மலையில் சூரியனுக்கே மார்க் போட்ட ஒரே மனிதர் மில்லிவாட்டுதான்.

"வெளிச்சம் பரவால்ல சார். பேட்டரியும் நல்லா நிக்குது. ஆனா போக்கஸ் பண்ண முடியல, ஆஃப் சுவிட்சும் இல்ல. மூணு ஸ்டார் போடலாம்," என்றார் ஒருநாள் காலை, வாயில் வேப்பங்குச்சியோடு, கிழக்கு முகட்டில் எட்டிப் பார்த்த சூரியனை ஏற இறங்க நோட்டமிட்டு. சூரியன் பதில் பேசாமல் மேகத்துக்குள் போய்விட்டது. அவரிடம் வாதம் செய்து ஜெயித்தவர் யாருமில்லை என்று அதற்கும் தெரிந்திருக்கும்.

சாமையும் தேனும் வாங்கி விற்கும் ஒரு சங்கத்தில் வேலை கிடைத்து, சில வருடங்களுக்கு முன்னால் மலையேறியவன் நான். அங்கே ஒரே ஒரு கடைத்தெரு. ஒரு டீக்கடை, ஒரு மளிகை, எங்கள் சங்கம், கடைசியில் மில்லிவாட்டின் செல்போன் ரிப்பேர் கடை. அத்தோடு தெரு மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்கு அப்பால் பள்ளத்தாக்கும் பனியும், எதிர்ச்சரிவில் பத்துப் பதினைந்து வீடுகளும். அவர் கடை மாடியில்தான் எனக்கு ரூம்.

கண்ணமங்கலத்திலிருந்து வந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. லேசர் வெளிச்சத்தின் வலுவை மில்லிவாட்டில் சொல்வார்கள். இவர் உலகத்தையே அதில்தான் சொல்வார். "இன்னாய்யா டீ போட்டிருக்கிற, அஞ்சு மில்லிவாட்டு கூடத் தேறாது," என்று கிளாஸைத் திருப்பித் தருவார்.

கையில் பிடித்து அடிக்கும் லேசர்களை வாங்குவது, சோதிப்பது, திட்டுவது. இதுதான் அவர் பொழுதுபோக்கு. பேனா மாதிரி ஒன்று, டார்ச் மாதிரி ஒன்று, சாவி போட்டுத் திறக்கிற ஒன்று. ஆன்லைனில் வருவதெல்லாம் ஒடுகத்தூரோடு நின்றுவிடும். அங்கிருந்து ஷேர் ஜீப்பில், கோழிகளுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில், மணப்பெண்ணைப் போல மேலேறி வரும். பிரித்ததும் முதலில் லேபிளைப் படிப்பார். படித்துவிட்டுச் சிரிப்பார்.

"பத்து கிலோமீட்டர் போவுமாம் சார். தேர்தல் அறிக்கை எழுதறவன்தான் இதயும் எழுதியிருப்பான்."

பிறகு சோதனை. கறுப்புப் பலூன் உடைகிறதா, தீக்குச்சி பற்றுகிறதா, இன்சுலேஷன் டேப் உருகுகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஸ்டார். முடிவை யூடியூபில் போடுவார். பார்க்கிறவன் நான் ஒருத்தன். அதுவும் என்னை ரூமை விட்டுத் துரத்திவிடுவாரோ என்ற பயத்தில்தான் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்பில் மனிதர் கறார். ஆள் முகத்தில், மாட்டு முகத்தில், வண்டியின் மேல் அடிக்கவே மாட்டார். தடித்த சிவப்புக் கண்ணாடி போடாமல் பட்டனைத் தொடமாட்டார். தொடுவதற்கு முன் "கண்ணு!" என்று ஒரு கூச்சல். உடனே கடைத்தெரு மொத்தமும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியை மனிதர்களைவிட ஆடுகள் சீக்கிரம் புரிந்துகொண்டன. "கண்ணு!" என்ற சத்தம் கேட்டதும் டீக்கடை வாழைத்தாருக்கு நாலு திசையிலிருந்தும் ஓடி வரும்.

இப்படிப்பட்டவருக்குப் பூங்காவனம் என்று ஒரு மனைவி. எதிர்ச்சரிவு ஊர்க்காரி. ஆடு மேய்த்த காலும் அதட்டிப் பழகிய குரலும். லேசர், கண்ணாடி, பலூன் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஊதா லேசர் ஒன்று வந்த அன்றைக்குக் கடையில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் அவளுடைய தீபாவளிப் புடவையின் முந்தானை கறுப்பாக இருந்தது.

விழுந்தது கடுகளவு ஓட்டைதான். மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர் புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓரம் பாரு பூங்காவனம், எம்மாம் சுத்தமா வந்திருக்குது! நாலு ஸ்டார்!" என்றார்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். மனிதர் சிவப்புக் கண்ணாடியோடு மொட்டை மாடியில் நின்று எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்தேன்.

"சார், மாமனார் வூட்டுக்குப் புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க பாத்தீங்களா?"

"அதுக்கு என்ன?"

"தூரம் போவப் போவ லேசரு விரியும். எவ்ளோ விரியுதுன்னு பாக்கணும்னா அந்தாண்ட ஒரு வெள்ளச் செவுரு வேணும். இத்தினி நாளா கெடைக்கல."

விளக்கு வைக்கிற நேரம். மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நீலமாகிக்கொண்டிருந்தன. மாமனாருக்குப் போன் போட்டு எல்லாரையும் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கச் சொன்னார். "கண்ணு!" என்றார். பள்ளத்தாக்கின் மங்கலை ஒரு பச்சை நூல் குறுக்கே தைத்துக்கொண்டு போனது. அக்கரை வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி பூத்தது.

"மாமா, புள்ளி எம்மாம் பெருசு கீது? பாத்துச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் மாமனார் வெடித்தார். "யோவ், மொதல்ல பொண்ண இட்டுகினு போற வழியப் பாருய்யா!"

"அது வேற டிபார்ட்மெண்ட் மாமா. நீங்க புள்ளியச் சொல்லுங்க."

மாமனார் போனை வைத்துவிட்டார். இவர் விடவில்லை. அன்றாடம் சாயங்காலம் ஒரு லேசர். புள்ளியைப் பார்க்க அந்த ஊரே கூடியது. அங்கே பொரி விற்கக்கூட ஓர் ஆள் வந்துவிட்டதாகக் கேள்வி. இங்கே மில்லிவாட்டு, அளவு தெரியாமலேயே, இந்தக் கோடியிலிருந்தே ஸ்டார் போட்டுக்கொண்டிருந்தார். பகலிலும் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மாமனார் ஊர்க் கூட்டம் கூட்டினார். கல்யாணம் நிலைப்பதா, அறுத்துக்கொண்டு பிரிவதா, அன்றைக்கே தெரிந்தாக வேண்டும் என்றார். என்னை மாப்பிள்ளை வீட்டு ஆளாக அழைத்துப் போனார் மில்லிவாட்டு. பையில் பத்து லேசர்.

புளிய மரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணைக்கு முன் சான்றுப் பொருளைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, யார் முதலில் பரிசோதிப்பது என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே கைகலப்பு வரப் பார்த்தது. ஒருவழியாக ஊர்ப் பெரியவர் சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார்.

"தோ பாருப்பா. ஒரே பேச்சு. லேசரா, பொண்டாட்டியா? ஒண்ணச் சொல்லு."

மில்லிவாட்டு யோசித்தார். பையைப் பார்த்தார். மறுபடி யோசித்தார்.

"எந்த லேசருங்க?"

மாமனார் செருப்பைத் தேடினார். நான் பின்னால் போகிற ஒற்றையடிப் பாதையைத் தேடினேன். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூங்காவனம் வந்தாள்.

"எந்த லேசரா? நான் சொல்றேன். இந்தாளு வெச்சிருக்கிற அத்தினியும் டுபாக்கூரு. நாலு ஸ்டாராம் நாலு ஸ்டாரு! மொத நாளு வந்தது முறம் அளவுக்கு விரிஞ்சிது. அடுத்த நாளு கதவு அளவுக்கு. ஊதா கலர்ல ஒண்ணு விட்டியே, அது வந்து சேரவே இல்ல. நானும் செவுத்தாண்டயே நின்னு பாத்துகினுதான் இருந்தேன்."

மில்லிவாட்டின் முகம் செத்துப்போனது. தன் ஸ்டார்கள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்க்கிற மனிதனின் முகம். ஆனாலும் ஆராய்ச்சியாளர் அல்லவா, கேட்டார்:

"புள்ளி ஒரே எடத்துல நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? செவுரு பூரா நடுங்கிச்சு. அழுதுகினே புடிச்சா எப்பிடிய்யா நேரா நிக்கும்?"

கூட்டம் மொத்தமும் மில்லிவாட்டின் பக்கம் திரும்பியது. தினமும் அவர் பக்கத்திலேயே நின்றவன் நான். கண்ணாடிக்குள் நடந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு பள்ளத்தாக்கு தாண்டி நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மில்லிவாட்டு என் பக்கம் திரும்பி, "பேட்டரி லோ சார்," என்றார்.

"பொடவைக்கு என்னாய்யா சொல்ற?" என்றாள் அவள்.

"தப்புதான் பூங்காவனம்."

"எத்தினி ஸ்டாரு?"

"ஒண்ணுகூட இல்ல."

ஊர்ப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்பொ இன்னாம்மா, போறியா அவுரோட?"

"போறேன். ஆனா இனிமே லேசர நான் புடிப்பேன். இந்தாளு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மலை எறங்கி ஏறி இங்க வந்து, எங்கப்பன் கூட நின்னு செவுத்த அளக்கட்டும்."

"என் கூடவா?" என்று அலறினார் மாமனார். "நான் இன்னாம்மா குத்தம் பண்ணேன்?"

அதுவே தீர்ப்பானது. கூட்டம் எழுந்தது. பெரியவர் கண்ணாடியை மட்டும் திருப்பித் தரவில்லை.

அடுத்த ஞாயிறு, சாயங்காலம். மொட்டை மாடியில் பூங்காவனம் இரண்டு கையாலும் லேசரைப் பிடித்து நின்றாள். தாவாரத்தில் காய்ந்த கேழ்வரகு வாசம் கீழிருந்து வந்தது. போனை நான் பிடித்திருந்தேன். எதிர்ச்சரிவில், தீக்குச்சி உயரத்துக்கு மாமனும் மருமகனும், கையில் அளக்கிற டேப்பின் ஆளுக்கொரு முனையோடு, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். மில்லிவாட்டு அளவுகளை ஒரு நீதிபதியின் குரலில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்காமல், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டீங்களா? அங்க மாடியில பனி எறங்கும். அவளுக்கு சளி புடிக்கும் சார். ஸ்வெட்டரு கடைக்குள்ள, நாற்காலி மேல கீது. எடுத்துக் குடுத்துடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, தல மேல ஏறிடுவா."

எடுத்துக் கொடுத்தேன். யார் சொன்னது என்று அவள் கேட்டாள்; நானே எடுத்து வந்ததாகச் சொல்லி வைத்தேன். பூங்காவனத்துக்கு வாரப் பத்திரிகை படிக்கிற பழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், இந்த வாரம் இந்தக் கதையைப் படிக்கட்டும்.