சத்தம் போடாத பல்சக்கரம்

ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட நாட்களில் ஒருநாள், காஜா பெராங் ஊர்ப் பட்டறையில் இருந்தவர்கள்: மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரரான சுப்பையா மாமா, ராசம்மா அத்தை, கம்போங் செட்டித் தச்சர் வேலு, நான். இல்லாதவர், எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வாத்தியார். (இருந்திருந்தால் அவரே என்னை ஜப்பான்காரனிடம் பிடித்துக் கொடுத்திருப்பார்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். கோழி முட்டையிடாவிட்டாலும் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். நானும் சொல்வேன்.

ஓடாத இயந்திரங்களை இரும்புக்காக அள்ளிக்கொண்டு போவோம் என்று ஜப்பான்காரன் அறிவித்த வாரம் பார்த்து, மாமாவின் இயந்திரத்தில் இரண்டு பல்சக்கரங்களும் பல் உதிர்ந்து நின்றன. அரிசி கண்ணில் படாத காலம். அந்த மாவுதான் எங்களுக்குச் சோறு.

"மரத்துல செஞ்சிரலாம் மாமா. கணக்கு நான் போடுறேன்" என்றேன்.

போட்டேன். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரத்தைப் பல் எண்ணிக்கையால் பெருக்கி, மூன்றே சொச்சத்தால் வகுத்தால், பல்லும் பல்லும் கவ்வும் வட்டத்தின் விட்டம் வரும். வந்தது. சுவரெங்கும் கரியால் வட்டங்கள். வேலுவுக்குப் பெயர் மட்டும்தான் தமிழ், கம்போங் செட்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேசுவார்கள்; "பண்டாய் லா!" என்று மலாயில் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிவிட்டு, அச்சு அசலாகச் செதுக்கித் தந்தார். அச்சுகளுக்குத் துளை போட இடம் குறிக்கும்போதுதான், கவ்வும் வட்டத்தை மறந்து, பல் நுனியைத் தொடும் வெளிவட்டத்தை வைத்து அளந்துவிட்டேன்.

மாமா கைப்பிடியைச் சுற்றினார். வெளியே இருந்த சக்கரம் தேர் போல் சுற்றியது. பெட்டிக்குள் இருந்த சக்கரம் அசையவில்லை. வேலு எட்டிப் பார்த்தார்.

"தக் கெனா!" (இரண்டும் தள்ளி நிற்கின்றனவாம், ஒன்றோடொன்று படவே இல்லையாம்.)

"மாப்ளே, இது மட்டும்தான் சுத்துது. இது எதையும் சுத்தலயே!" என்றார் மாமா.

அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். அத்தை பெட்டி மூடியைப் படாரென்று சாத்தி, காலையில் உரலில் இடித்து வைத்திருந்த மாவை, அரைத்த மாவு விழும் தொட்டியில் கொட்டினார். "நிறுத்தாதீங்க, சுத்துங்க!" என்று மாமாவை அதட்டினார்.

அதிகாரி மாவை அள்ளிப் பார்த்தார். சக்கரத்தருகே காதை வைத்தார். மற்ற பட்டறைகளில் இயந்திரச் சத்தத்தில் காது கிழியும். இங்கே பூனை நடப்பது போல் அமைதி. "பாகுஸ்! பாகுஸ்!" என்று பாராட்டினார். இயந்திரம் தப்பியது.

அவர் போனதும் துளையை நெருக்கிப் போட்டோம். கடகடவென்று ஓடி, அரைக்கவும் அரைத்தது. என்ன பயன்? அடுத்த வாரம் தன் சகாக்களுக்குக் காட்ட வந்த அதிகாரி, சத்தத்தைக் கேட்டு முகம் சிவந்தார். "ரோசாக்!" கெடுத்துவிட்டோமாம்! பழையபடி சரிசெய்யாவிட்டால் இயந்திரத்தைத் தூக்கிவிடுவாராம்.

சரிசெய்தோம். அதாவது, ஓடாமல் செய்தோம். எப்போது வருவார் என்று தெரியாததால் மாமா முன்னால் வெறும் சக்கரத்தைச் சுற்றுவார். நானும் அத்தையும் கொல்லையில் கிழங்கு இடிப்போம். அதிகாரி தலை தெரிந்து மாமா இருமினால் நிறுத்துவோம். ஜப்பான்காரன் கப்பலேறும்வரை இதே பிழைப்பு.

இப்போதும் வீட்டில் யாராவது மாடாய் உழைத்து ஒன்றும் தேறாவிட்டால், "சத்தமே இல்ல, நல்லாத்தான் ஓடுது" என்பார் அத்தை, என்னைப் பார்த்தபடி.

அப்பா என் படிப்புக்குக் கட்டிய பணம் போக, குடும்பம் அதற்காகக் கொடுத்தது: இரண்டு உலக்கை, ஓர் உரல், அத்தையின் வலது தோள்.