சத்தியமும் பத்துப் பாயிண்டும்

திருத்தணி மலைமேல் நிற்கிறவன் துணை.

நகரியில் இரும்புக் கேட், கிரில் செய்யும் பட்டறை நடத்தும் என் கூடப்பிறந்த தம்பி சிரஞ்சீவி குமரவேலுக்கு அக்கா சந்திரா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நான், என் வீட்டுக்காரராகிய உன் பாவா, மகன் இளங்கோவன் மூவரும் சுகம். இட்லிக்கடையும் சுகம். அங்கே நீ, உன் பெண்டாட்டி சுலோச்சனா, மகள் கல்பனா எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் கெட்ட செய்தி இந்நேரம் பஸ் ஏறி வந்து சேர்ந்திருக்கும்.

நிற்க. கையில் போன் இருக்கும்போது அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ மூக்கின்மேல் விரலை வைப்பாய். என் மகள் தேவயானி கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்த பந்தியில், தாய்மாமனாகிய நீ முதல் வாய் வைத்ததும், "இன்னாக்கா, சாம்பார்ல உப்பே இல்ல" என்று கூவினாய். பஸ் ஸ்டாண்டு எதிரில் இத்தனை வருஷமாகச் சாம்பார் ஊற்றிப் பிழைக்கிறவள் நான். மொட்டை போட்டுக்கொண்டு பசியோடு மலையிறங்கி வருகிற ஜனம் இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கேட்டு வாங்குகிற சாம்பார் அது. அன்றைக்குத்தான் நான் பந்தல் நடுவில் நின்று, "இனிமே உங்கூட வாயத் தொறந்து பேச மாட்டேன், உம் பொண்ண எம் புள்ளைக்குக் கேக்கவும் மாட்டேன், இது அந்த முருகன் மேல சத்தியம்" என்றேன். பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. பெண்ணைக் கேட்க மாட்டேன் என்றதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படித்துக்கொண்டு வா.

விஷயம் என்னவென்றால், உன் மருமான் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டுகினு இருக்கிறான். அங்கே வெல்டர்களுக்குத் தட்டுப்பாடாம். இவனுக்குத் தொழில் தெரியும் என்று முதலில் ஒரு ஆபீஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு வயசுக்கு இத்தனை பாயிண்டு, அனுபவத்துக்கு இத்தனை, இங்கிலீஷுக்கு இத்தனை என்று கூட்டிப்பார்த்து, மேலே நிற்கிறவர்களை முதலில் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டுவிட்டால் பி.ஆர். கிடைக்கும். அதாவது அங்கேயே நிரந்தரமாக இருக்கலாம், பெண்டாட்டி பிள்ளைகளையும் கூடவே வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் முடிந்தது பெட்டியைக் கட்டு என்று ஒருத்தனும் சொல்ல முடியாது. உன் பாவா மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்துகிறாரு" என்று தேவயானி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் வாங்கி வந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என் பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது, தம்பி. போனால் குடும்பமாகப் போகட்டும், இல்லையென்றால் இங்கேயே நெருப்புப்பொறி பறக்க உட்காரட்டும்.

சரி, வேலையை ஆரம்பித்தோமா, ஒவ்வொன்றாகக் கழுத்தை நெரித்தது. வெல்டிங் வைப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். உன் பாவா, "ஆங், நான் புடிக்கிறேன்" என்று போனை வாங்கினார். இளங்கோவன் வியர்க்க விறுவிறுக்கக் குழாயை ஒட்டி முடித்துப் பார்த்தால், வீடியோ முழுக்க உன் பாவாவின் கட்டைவிரல். மறுபடியும் எடுத்தோம், அதில் என் குரல்: "ஏங்க, மாவு பொங்கி வழியுது, சீக்கிரம் வாங்க." வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது, போகட்டும் என்றேன். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் போனை இட்லிக் குண்டான்மேல் சாய்த்து வைத்து எடுத்ததுதான் உருப்படியாக வந்தது.

அப்புறம் அனுபவச் சான்று. இவன் உன் பட்டறையில் வேலை பார்த்த வருஷங்களுக்கு உன் கையெழுத்து வேண்டுமாம். உன்னோடு பேச்சில்லையே, என்ன செய்வது என்று நான் கலங்கிக்கொண்டிருந்தபோது, இவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்துவிட்டான். யாருடா டைப் அடிச்சா என்று கேட்டேன். கல்பனா என்றான். மறுவாரம் தேதியைத் திருத்த வேண்டும் என்று போனான். அதற்கடுத்த வாரம் பட்டறை முத்திரை கலங்கியிருக்கிறது என்று போனான். அப்புறம் மடிப்பு விழுந்துவிட்டதாம், அதற்கும் போனான். ஒரு சான்றிதழில் இத்தனை தப்பு வரலாமா? நீ கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

இங்கிலீஷ் பரீட்சைக்கு, நம் கடைக்கு வாடிக்கையாக இட்லி வாங்க வரும் லில்லி டீச்சர் தினம் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவர். டீச்சர் பாடத்தை மட்டும் நம்பினால் போதுமா என்று நான் முருகனுக்கு ஒரு மொட்டை வேண்டிக்கொண்டேன். பாஸானதும் போடுவதாகத்தான் வேண்டுதல். அப்புறம் யோசித்தேன், முன்னாடியே போட்டுவிட்டால் சாமிக்கே ஒரு கூச்சம் வருமில்லையா? பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளையை மலைக்கு இழுத்துப் போய் மொட்டை அடித்து, சந்தனம் பூசி, மறுநாள் விடியற்காலை ரயிலில் மெட்ராஸுக்கு ஏற்றிவிட்டேன். அங்கே வாசலில் இருந்த பெண், பாஸ்போர்ட்டில் இருக்கிற சுருட்டை முடியையும் மீசையையும் பார்க்கிறாள், எதிரில் நிற்கிற சந்தன உருண்டையைப் பார்க்கிறாள். உள்ளே விட முடியாது என்றுவிட்டாள். இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததாம். மேலதிகாரி வந்தார். கைரேகை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. "எந்தக் கோயில்?" என்று கேட்டார். திருத்தணி என்றான். அவர் தன் தொப்பியைக் கழற்றிக் காட்டினாராம். அவரும் மொட்டை. "எனக்குத் திருப்பதி. போப்பா, போய் நல்லா எழுது" என்றாராம். எழுதினான், பாஸும் பண்ணிவிட்டான். முருகன் பாக்கி வைக்கிறவன் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு போன வாரம் வந்து தலையைத் தொங்கப் போட்டுகினு உட்கார்ந்தான். "இன்னாடா நைனா?" என்றேன். "பத்துப் பாயிண்டு இடிக்குதும்மா" என்றான். வேறு வழியே இல்லையா என்றேன். "ஒரு வழி இருக்குது. கட்டிக்கப்போற பொண்ணுக்கும் இங்கிலீஷ் தெரிஞ்சி, அங்க கேக்கற தொழிலும் தெரிஞ்சிருந்தா பத்துப் பாயிண்டு தருவாங்க. எலக்ட்ரீஷியன்னா ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்தான்.

எலக்ட்ரீஷியன் படித்த பெண்ணுக்கு நான் எங்கே போவேன்? ராத்திரியெல்லாம் புரண்டேன். விடியும்போது மண்டையில் விளக்கு எரிந்தது. உன் கல்பனா ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, கார் சாமான் செய்கிற கம்பெனியில்தானே வேலை பார்க்கிறாள்! இங்கிலீஷ் பரீட்சையும் எழுதி வைத்திருக்கிறாளாமே! இவனிடம் சொன்னேன். "அப்டியா? எனக்குத் தோணவே இல்லம்மா" என்றான், மக்குப் பிள்ளை.

ஆகவே தம்பி, நான் உன்னிடம் பெண் கேட்கவில்லை. அந்தச் சத்தியம் அப்படியே நிற்கிறது. நான் கேட்பது பத்துப் பாயிண்டு. அந்தப் பாயிண்டு உன் வீட்டில் இருக்கிறது. அது வரும்போது கூடவே ஒரு பெண்ணும் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நகை வேண்டாம், சீர் வேண்டாம், பாத்திரம் வேண்டாம். முருகனும் இதைக் குற்றம் சொல்ல மாட்டான், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சுலோச்சனாவை என் மேல் கோபப்படாமல் இருக்கச் சொல். உன் பட்டறையில் நெருப்பு அணையாமலும், உன் கண்ணில் பொறி விழாமலும், உங்கள் வீட்டுப் பாலும் சோறும் குறையாமலும் அந்த மலைக்காரன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பேசாத அக்கா,
சந்திரா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை லில்லி டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சட்னியில் கை வைத்தபடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "சந்திரா, கல்யாணமே ஆகாதவங்களுக்கும் அதே பத்துப் பாயிண்டு உண்டு. உன் பையன் கணக்குல அது முன்னாடியே ஏறியாச்சு. அவன் வரிசையில நின்னாச்சு, இனிமே கூப்பிடறதுதான் பாக்கி. இந்தக் கல்யாணத்தால ஒரு பாயிண்டு கூடவும் கூடாது, குறையவும் குறையாது" என்றார். இளங்கோவனைக் கூப்பிட்டேன். அப்போதுதான் முளைக்கிற மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு வந்து நின்றான். "அப்புறம் எதுக்குடா இந்தப் பொய்யி?" என்றேன். "கல்பனாதாம்மா சொல்லிக்குடுத்தா. சத்தியத்துல ஒரு சந்து குடுத்தாத்தான் அத்தை எறங்கி வருவாங்கன்னு" என்றான். கையில் கரண்டி இருந்தது, ஓங்கினேன். அடிக்கத்தான் முடியவில்லை.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். எழுதினது எழுதினதுதான். மேலே பாயிண்டு என்று எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் நீயே அடித்துவிடு, குமரவேலு. மிச்சம் இருப்பது ஒன்றுதான். உன் பெண்ணை என் பிள்ளைக்குக் கொடு. கேட்டுவிட்டேன். சத்தியத்தை மீறினதற்கு என் தலைமுடியை மலையில் கொடுத்துவிடுகிறேன், கல்யாணப் படத்தில் மொட்டையாக நிற்பேன், ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.

வருகிற வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிட வாருங்கள். உன் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தனியாக உப்பு வைத்திருப்பேன். அன்றைக்கும் உப்பு சரியாகத்தான் இருந்தது.